பயம் போக்கும் தண்ணீர்

செஞ்சியில் மரியசெல்வியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைப் பார்க்க முடியாது. திண்டிவனம் ரோட்டில் கணவன் லாரியில் அடிபட்டுப் போனதிலிருந்து, ஆறு வயது மகள் அமுதா இருமினாலே இவளுக்கு உயிர் போய் உயிர் வரும். மணியடிக்க அரை மணி முன்பே பள்ளிக்கூட வாசலில் நின்றுவிடுவாள்.

வேலை ஒரு பார்மசி கல்லூரி ஆய்வுக்கூடத்தில். பதற்றம் குறைக்கும் மருந்துகளை அங்கே மீன்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். கோடு போட்ட குட்டி மீனைப் புதுத் தொட்டியில் விட்டால் பயத்தில் அடியிலேயே ஒட்டிக்கிடக்கும். மருந்துத் தண்ணீரில் சற்று நேரம் ஊறிய மீனோ மேலே வந்து சாவகாசமாகச் சுற்றும். எத்தனை நொடியில் மேலே வந்தது என்று குறிப்பதும், மருந்துத் தண்ணீரை மாற்றுவதும் மரியசெல்வியின் பொறுப்பு. தண்ணீர் இறக்க ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். குழாயை வாயில் வைத்து ஓர் உறிஞ்சு. ஒரு மிடறாவது உள்ளே போகும். மீன் கிடக்கிற தண்ணீர்தானே, மனுஷிக்கு என்ன ஆகிவிடும்!

மூன்று மாதத்தில் பயம் விட்டுப்போனது. மாதா கண்ணைத் திறந்துவிட்டாள் என்று கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து மகளோடு கோட்டைக்குப் போனாள். செட்டிகுளத்தின் பாசிப்படியில் அமுதா வழுக்கி விழுந்தாள். தலை முங்கியது, கை வெளியே வந்தது, மறுபடி முங்கியது. தண்ணீர் எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்று பார்த்தபடி மரியசெல்வி நின்றாள். ஆடு மேய்த்த பெண் ஒருத்தி குதித்துப் பிள்ளையைத் தூக்கினாள்.

"பெத்தவதானே நீ? இன்னா வேடிக்கை பாக்குற?"

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் மரியசெல்வியின் வாயில் குழாயைப் பார்த்த ஆசிரியர் ஆனந்தராஜ் பதறிப் பிடுங்கினார். ரப்பர் பம்பு ஒன்றைக் கொடுத்து, உடனே டாக்டரைப் பார்க்கச் சொன்னார். அந்த மருந்துதான் பயத்தை எடுத்துவிட்டது, இரண்டு வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்றார் டாக்டர்.

பயம் திரும்பி வரட்டும் என்று காத்திருந்தாள். அது இல்லாமல் இந்தப் பிள்ளையை எப்படிக் காப்பாற்றுவது? இரண்டு வாரம் போனது, மூன்றும் போனது. வந்துவிட்டதா இல்லையா என்று தெரியவில்லை. சோதித்துப் பார்க்க அவளுக்குத் தெரிந்தது ஒரே வழிதான்.

சனிக்கிழமை பிற்பகல் செட்டிகுளத்தில் ஆள் இல்லை. அமுதாவைத் தண்ணீருக்கு மேல்படியில் நிறுத்திவிட்டு, தன் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

"பயமா இருக்குதும்மா," என்றாள் அமுதா.

மரியசெல்விக்குப் பொறாமையாக இருந்தது.

"இன்னும் ஒரு படி எறங்கு கண்ணு," என்றாள்.