செல்லக்கிளியைப் பற்றி விசாரித்தார்கள்

1981இல் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் செல்லக்கிளிக்கு நர்ஸ் வேலை கிடைத்தது. அரசாங்க உத்தியோகம். திருவாதவூரில் அவள் தெருவே நெஞ்சை நிமிர்த்தி நடந்தது, போலீஸ் ஏட்டு சைக்கிளில் வந்து இறங்கும் வரை.

புதிதாக வேலையில் சேருகிறவர்களைப் பற்றி ஊரில் விசாரிக்க வேண்டும் என்பது விதி. ஏட்டு முத்திருளன் கடமையில் குறை வைக்காதவர். டீக்கடை, ரேஷன் கடை, குழாயடி என்று ஓரிடம் விடாமல் நின்று, "செல்லக்கிளிங்கிற பொண்ணு எப்படி? திருட்டு, அடிதடி, வேற சங்கதி எதுவும் உண்டா?" என்று உரக்கக் கேட்டார். யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. திருப்தியோடு கிளம்பினார்.

அவர் போன பிறகுதான் ஊர் வாயைத் திறந்தது.

"ஒண்ணுமில்லாமலா போலீசு இம்புட்டு தூரம் வரும்?" என்றாள் பக்கத்து வீட்டு அழகம்மாள். பேச்சு பஸ் ஏறி மேலூர் போனது. அங்கேதான் செல்லக்கிளிக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை பால்பாண்டி இருந்தான். அவன் வீட்டார் நிச்சயதார்த்தத்தைத் தள்ளி வைத்தார்கள்.

செல்லக்கிளி நேரே ஸ்டேஷனுக்குப் போனாள். "அண்ணே, எம்மேல குத்தமில்லன்னு ஊர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

"விசாரிக்கத்தாம்மா உத்தரவு. முடிவை ஊருக்குச் சொல்ல உத்தரவு இல்லையே" என்றார் ஏட்டு. நிஜமாகவே வருத்தப்பட்டார்.

மறுநாள் டூட்டி முடிந்ததும், வெள்ளைச் சேலையும் தொப்பியுமாக அவள் மேலூர் பஸ்ஸில் ஏறினாள். பால்பாண்டியின் தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, "பால்பாண்டி எப்படி? பழக்கவழக்கமெல்லாம் சுத்தமா?" என்று கேட்டாள். சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுத் திரும்பினாள்.

சில நாளில் பால்பாண்டி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றான். ஆள் பாதியாகியிருந்தான்.

"எனக்கு என்ன வியாதின்னு தெருவே கேக்குது. சலூன்காரன் கிட்டவே சேர்க்க மாட்டேங்கிறான். எங்கம்மாவே சோத்துத் தட்டைத் தள்ளி நின்னு நகட்டுது. அப்படி என்னதாங்க கேட்டீங்க?"

"நல்லவரான்னு கேட்டேன்."

"எனக்கு ஒரு வியாதியும் இல்லீங்க!"

"எம்மேலயும் ஒரு கேசும் இல்லீங்க."

அவன் தன்னை மீறிச் சிரித்துவிட்டான். அவளாலும் அடக்க முடியவில்லை.

ஆவணியில் கல்யாணம். ஒரு பந்தியில் பெண்ணின் கேஸைப் பற்றியும், அடுத்த பந்தியில் மாப்பிள்ளையின் வியாதியைப் பற்றியும் குசுகுசுவென்று பேசிக்கொண்டே பாயசத்தை மறுபடி கேட்டு வாங்கினார்கள். பொருத்தமான ஜோடிதான் என்பதில் மட்டும் இரண்டு ஊருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.