பலகைக்குக் கற்பூரம்

டீசல் புகையும் கற்பூரமும் ஒரே மூச்சில் கலந்து வந்தால் போதும், எங்கே இருந்தாலும் நான் செஞ்சி பேருந்து நிலையத்தில் போய் நின்றுவிடுவேன். அமாவாசைக் கூட்டம். மேல்மலையனூர் அம்மன் கோயில் சிறப்புப் பேருந்துக்கு முண்டியடிக்கும் தலைகள். அத்தனை தலைகளும் திடீரென்று அண்ணாந்தன. பேருந்து நேரம் காட்டும் மின்பலகையில் சிவப்பாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. கொக்கிகள், வட்டங்கள், முறிந்த கோடுகள். பூமியில் யாரும் எழுதியிராத எழுத்து, அவசரமே இல்லாமல் ஊர்ந்துபோனது. ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொருவர் பலகைக்குக் கீழே சிமெண்டுத் தரையில் கற்பூரம் ஏற்றினார். "ஆத்தா எழுதுறாடி!" சிரிக்கத்தான் வாயெடுத்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஒரு நாளிதழுக்கு நான் பகுதிநேர நிருபர். 'பலகையில் புரியாத எழுத்துகள், பயணிகள் தவிப்பு' என்று இரண்டு வரி அனுப்பினேன். காலையில் பார்த்தால், அது நாலு பத்தியாக வளர்ந்து அச்சாகியிருந்தது. வெளிநாட்டு ஹேக்கர்கள். உள்ளிருந்து பாஸ்வேர்டு கொடுத்த கருப்பு ஆடு. 'தொழில்நுட்ப வட்டாரங்கள் தெரிவித்தன.' மதியத்துக்குள் சென்னையிலிருந்து ஒரு தொலைக்காட்சி நிருபர் காமிராக்காரரோடு வந்து இறங்கினார்.

உள்ளே என்றால் ஒரே ஓர் ஆள்தான். பலகையில் நேரங்களை ஏற்றும் பெண், சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வருபவர், ஒப்பந்த வேலை. என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"கரண்ட்டு போய் வந்தா போர்டுல தமிழ் போயிடுதுண்ணா. மேல சொன்னேன். பேப்பர்ல வேற மாதிரி போட்டிருக்குதேன்றாங்க. டிவிலயும் பெருசா வந்துச்சின்னா நாளைலேருந்து வராதன்ட்டாங்க. யாரு சொன்னதுன்னாவது கேட்டுச் சொல்லுங்கண்ணா."

எனக்கும் தெரியாது. ஆனால் தொலைக்காட்சி நிருபருக்கு ஆள் கிடைத்திருந்தார்: கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் பார்ப்பவர். ஷட்டரைப் பாதி இறக்கி, விளக்கை முதுகுக்குப் பின்னால் வைத்து, முகத்தை இருட்டாக்கிப் பேட்டி. குரலையும் மாற்றிவிடுவதாக வாக்கு. நானும் ஒரு மூலையில் குந்தியிருந்தேன். என்ன பேச்சு அது! இன்டர்நெட்டுக்கு அடியில் இன்னொரு இன்டர்நெட் இருக்கிறதாம், அங்கே யாருக்கும் முகம் கிடையாதாம்.

"அந்த குரூப்ப எனக்குத் தெரியும். பேரு சொன்னா நான் உயிரோட இருக்க மாட்டேன்."

"ஏதாவது ஒண்ணு காட்டுங்களேன்" என்றார் நிருபர்.

"காட்டுறவன் ஹேக்கரே இல்ல சார்."

நிருபர் மெய்மறந்து தலையாட்டினார். நானும்தான். காட்ட மறுக்க மறுக்க அந்தச் சின்னக் கடை தளவானூர்க் குகை மாதிரி உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தது.

காமிரா நின்றதும் கேட்டேன். "ஏம்பா, உள்ள ஒருத்தங்க பாஸ்வேர்டு குடுத்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"இன்னாண்ணா நீ, உங்க பேப்பர்லதான போட்டிருக்குது!"

"பேப்பருக்கு?"

"நேத்து டிவில கீழ ஓடுச்சே, பாக்கலியா?"

இருவரும் நிருபரைப் பார்த்தோம். "வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்டு வந்துச்சு. செஞ்சி எக்ஸ்பர்ட் ஒருத்தர் போட்டதுன்னு…" போனை நீட்டினார். கடைக்காரர் வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஐயோ, இது என் ஸ்டேட்டஸ் சார். சும்மா தமாசுக்குப் போட்டேன்."

செஞ்சிக் கோட்டை ராஜகிரிப் பாறைகளுக்கு நடுவே நின்று கத்தினால் நம் குரல் நம்மிடமே திரும்பும், நம்மைவிடப் பெரிய யாரோ பேசுவதைப் போல. ஒரு தமாஷ் சென்னைவரை போய், எழுத்தாகி, அச்சாகி, மறுநாளே சொன்னவனிடம் வந்தால், சொன்னவனே அதற்குக் கைகட்டி நிற்கிறான். அந்த மலைகளை அண்ணாந்து பார்ப்பதைப் போலத்தான் இன்றும் அதை அண்ணாந்து பார்க்கிறேன்.

"பேட்டிய அழிச்சிடுங்க சார்" என்றார் கடைக்காரர்.

நிருபர் அசையவில்லை. "மெரட்டல் வந்தா நெஜ ஹேக்கரும் இப்படித்தாங்க மறுப்பாரு."

இனிப் பேசிப் பயனில்லை. இருவரையும் பேருந்து நிலையத்துக்கு இழுத்துப்போனேன். "நீ சொன்ன உள் ஆள் இவங்கதான்" என்றதும் கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெண் மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டார். பலகை இருண்டது; மறுபடி அதே கொக்கிகள், அதே வட்டங்கள். கோயிலிலிருந்து திரும்பிய கூட்டம் மறுபடி கைகூப்பியது. நிருபரின் கையும் பாதி எழுந்ததைப் பார்த்தேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். கொக்கிகள் கரைந்து, 'மேல்மலையனூர்' என்று தமிழ் வந்தது. எத்தனையோ முறை படித்த பெயர். அன்றுதான் முதல்முறை படிப்பது போலிருந்தது.

நிருபர் அந்தப் பெண்ணின் மேலதிகாரிக்குத் தானே போன் போட்டு, பார்த்ததைச் சொன்னார். பிறகு காமிராக்காரரிடம், "அத அழிச்சிடு" என்றார்.

"என் குரல மாத்தினா எப்படி இருக்கும்னு ஒரு தபா கேட்டுட்டு அழிச்சிருக்கலாம்" என்றார் கடைக்காரர்.

காரில் ஏறப்போன நிருபர் அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "கரண்ட்டு போச்சு, வந்துச்சுன்னு போட்டா யாரும்மா பாப்பாங்க?"

"யாரும் பாக்க வேணாம் சார். காலைல மொத பஸ்ஸு டைம்ம நான் ஏத்தணும், அவ்ளோதான்."