காருக்கு ஊசி போட்ட காலம்

கார் நின்றுபோனால் சொந்தக்காரர் முதலில் தள்ளிப் பார்ப்பார், அப்புறம் திட்டிப் பார்ப்பார், இரண்டுக்கும் அது மசியவில்லை என்றால்தான் மெக்கானிக்கைத் தேடுவார். நீங்களும் ஒரு காலத்தில் பழைய கார் வைத்திருந்தவர் என்றால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெயிலில் தள்ளிய அந்தச் சுகத்தை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல் பழனி ரோட்டில் நானும் காதர் பாயும் சேர்ந்து ஒரு ஷெட் போட்டிருந்தோம். பெரிய பெரிய வெளிநாட்டுக் கார்களுக்குப் பெட்ரோல் ஊற்றிக் கட்டுப்படியாகாமல், எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டும் மோகம் அப்போது ஊரைப் பிடித்திருந்தது. அந்த எஞ்சினில் ஒரு பம்ப் உண்டு. அது மெல்லிய குழாய்கள் வழியாக டீசலை அழுத்தி அனுப்பும். குழாய் முனையில் இருக்கும் இன்ஜெக்டர் அதைச் சாரலாக உள்ளே பீய்ச்சும். வழியில் கொஞ்சம் தூசியோ தண்ணீரோ காற்றோ புகுந்தால் போதும், வண்டி படுத்துவிடும். படுத்த வண்டிகளை எழுப்புவதுதான் எங்கள் பிழைப்பு.

காற்று போன இடம்

அகரத்துப் பூ வியாபாரி ஒருவர் தன் காரின் பின் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மல்லிகைக் கூடைகளை அடுக்கிக்கொண்டு சந்தைக்கு வருவார். ஒரு நாள் காலையில் எங்கள் ஷெட்டுக்குப் பக்கத்திலேயே வண்டி நின்றுவிட்டது. "பூ வாடுச்சுன்னா சீந்த ஆள் கெடையாதுப்பா, சட்டுனு பாரு" என்று என் தலைக்கு மேலேயே நின்றார். பம்பில் இருந்த சின்ன ஸ்குரூவைத் தளர்த்தினேன். டீசல் சோப்பு நுரை மாதிரி கொப்புளித்துக்கொண்டு வந்தது.

"டீசலுக்குள்ள காத்துப் புகுந்திருக்குண்ணே. அதை வெளியேத்திட்டா வண்டி ஓடும்" என்றேன். அவர் முகத்தில் பெரிய தெளிவு வந்தது. நேராகப் பின்பக்கம் போய் டயரை ஓர் உதை விட்டுவிட்டு வந்து சொன்னார்: "நேத்துப் பூரா இந்த டயர்ல காத்துக் கொறஞ்சுக்கிட்டே இருந்துச்சு. எங்கடா போகுதுன்னு மண்டையப் போட்டு ஒடைச்சேன். கடைசியில இங்கதான் வந்து ஒளிஞ்சிருக்கா!"

பெரியவர் ஊசி

தோல் மண்டி ராவுத்தரின் கார் ஷெட்டில் நின்றது. வெளியூரிலிருந்து வரும் மகளை அழைக்க அவர் சாயங்காலம் ரயிலடிக்குப் போக வேண்டும். இன்ஜெக்டர் ஒன்று பாழாகிப் போயிருந்தது. ராவுத்தரின் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, "மதுரைக்குப் பஸ் ஏறி இன்ஜெக்டர் ஒண்ணு வாங்கிட்டு வந்துருங்க" என்று காதர் பாய் சொல்லி அனுப்பினார்.

போனவர் செத்த நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். "இதுக்குப் போயி மதுரைக்கு எதுக்குங்கிறேன்? நம்ம ஊர் மருந்துக் கடையிலேயே இருக்கு" என்று பெருமையோடு ஒரு பொட்டலத்தை நீட்டினார். பிரித்தால், கண்ணாடிக் குழாயும் நீள ஊசியுமாக டாக்டர் வைத்திருக்கும் சிரிஞ்சு! காதர் பாய் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுல பெரிசு சிறிசெல்லாம் இருக்குமே, எப்படிப் பாத்து எடுத்தீங்க?" என்று கேட்டார். கணக்கப்பிள்ளை கொஞ்சமும் தயங்கவில்லை. "கடைக்காரரு வயசு கேட்டாரு. காரு எந்த வருசத்ததோ அதக் கணக்குப் பண்ணிச் சொன்னேன். பெரியவுகளுக்குப் போடுறதையே குடுத்துட்டாரு."

ராவுத்தரின் மகள் அன்று ஜட்கா வண்டியில் வீட்டுக்குப் போனாள்.

ஒட்டன்சத்திரத்துத் தேங்காய்

ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டிக்காரர் ஒருவருக்கு வேறு விதமான தொல்லை. பழனிக்குப் புறப்பட்டால் பாதி வழியில் வண்டி நின்றுவிடும். இறங்கி முருகனை நினைத்து ஒரு தேங்காய் உடைத்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் கிளம்பிவிடும். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நிற்கும், மறுபடி தேங்காய். இப்படியே பழகிப்போய், டிக்கியில் எப்போதும் ஒரு சாக்குத் தேங்காயோடுதான் பயணம். வீட்டம்மாதான், "சாமி சோதிக்குதோ என்னமோ, எதுக்கும் மெக்கானிக்கையும் ஒருக்காக் கேட்டுப் பாருங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

டீசல் டேங்கைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. மூடி எங்கோ தொலைந்துபோக, அவர் ஒரு மரக்கட்டையைத் துணி சுற்றி அடித்து இறுக்கியிருந்தார். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். போக வழியில்லாததால் பம்ப் இழுத்து இழுத்து ஓய்ந்துவிடும். சும்மா நிறுத்தி வைத்தால் துணி இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று இறங்கி, வண்டி மறுபடி ஓடும். நான் கட்டையில் ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரம் நிற்காமல் பழனிக்குப் போய்த் திரும்பியவர், பஞ்சாமிர்தத்தோடு ஷெட்டுக்கு வந்தார். ஆனால் முகம் மட்டும் சரியில்லை. "ஏனுங்க, எல்லாம் ஒரு ஓட்டையிலதான் இருந்துச்சுன்னா, இத்தன நாளா நான் ஒடச்ச தேங்காயெல்லாம் எந்தக் கணக்குலீங்க சேரும்?"

சும்மா இருந்த சிலிண்டர்

ஓர் அலுவலகத்து ஹெட் கிளார்க்கின் கார் நொண்டி நொண்டி வந்து சேர்ந்தது. இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. எஞ்சினை ஓடவிட்டு, இன்ஜெக்டர் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும். தளர்த்தினால் அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாது. எஞ்சின் தடுமாறினால், அது ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த சிலிண்டர். தளர்த்திய பிறகும் ஒரு மாற்றமும் தெரியாவிட்டால், அதுதான் இத்தனை நேரம் சும்மா இருந்த பேர்வழி.

இதை நான் விளக்க விளக்க ஹெட் கிளார்க்குக்கு ஒரே உற்சாகம். "பிரமாதம்ப்பா! எங்க ஆபீசுலயும் இதே மாதிரி ஒவ்வொருத்தருக்கா லீவு குடுத்துப் பாக்கணும். யாரு இல்லாட்டியும் வேலை நடக்குதோ, அவன்தான் ஆளு!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். நான் மூன்றாவது நட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். மெதுவாகச் சொன்னார்: "வேணாம்ப்பா. போன மாசம் நான் லீவுல இருந்தேன். ஆபீசு நல்லாத்தான் ஓடுச்சு."

புகை

கரும்புகை கக்கிக்கொண்டு வந்த ஒரு மிராசுதாரின் காருக்கு, டீசல் அளவைக் குறைத்துப் புகையை நிறுத்திக் கொடுத்தோம். மறுநாளே திரும்பி வந்தார். "எப்பவும்போல பொகைய விட்டுக் குடுங்கப்பா. நேத்து நான் ஊருக்குள்ள போயி வந்ததே ஒரு பயலுக்கும் தெரியல."

வத்தலக்குண்டு முகூர்த்தம்

இது கொஞ்சம் பெரிய சங்கதி. திண்டுக்கல்லில் வாத்தியாராக இருந்த ஒரு பையனுக்கு வத்தலக்குண்டில் கல்யாணம். உறவுக்காரர்களெல்லாம் பஸ்ஸில் முன்னால் போய்விட்டார்கள். மாப்பிள்ளையைத் தன் காரில்தான் கொண்டுபோய் இறக்குவேன் என்று தாய்மாமன் பிடிவாதம் பிடித்தார். காரின் மேல் அவருக்கே நம்பிக்கை இல்லாததால் என்னையும் ஏற்றிக்கொண்டார். செம்பட்டி தாண்டியதும் வண்டி நின்றது. டேங்கில் சொட்டு டீசல் இல்லை. "முள்ளு பாதியக் காட்டுதே!" என்று மாமா அலறினார். அந்த முள் பழைய எஞ்சின் போன நாளிலிருந்தே பாதியைத்தான் காட்டிக்கொண்டிருந்ததாம்.

நான் கையோடு எடுத்து வந்திருந்த கேனிலிருந்த டீசலை ஊற்றினோம். ஆனால் குழாய் முழுக்கக் காற்று ஏறியிருந்தது. ஒருவர் எஞ்சினில் இருக்கும் கைப்பம்பை அடிக்க வேண்டும், நான் ஸ்குரூவைத் தளர்த்திப் பிடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். மாமா குனிந்தால் நிமிர மாட்டார். முகூர்த்தமோ நெருங்கிக்கொண்டிருந்தது. "தள்ளி நில்லுங்க மாமா" என்று மாப்பிள்ளையே பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். என்ன ஆவேசமோ, அவர் அடித்த அடியில் ஸ்குரூ என் கையை விட்டுத் தெறித்தது. டீசல் பீய்ச்சி அடித்து அவரைத் தலையிலிருந்து கால் வரை நனைத்தது. ஸ்குரூவைத் தேடி எடுத்து மாட்டியதும் வண்டி கிளம்பிவிட்டது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் மண்டபத்தில் இறங்கினோம். மாப்பிள்ளை மணவறையை நெருங்கியதுமே ஐயர் நெய்க் கரண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "நில்லுங்கோ! ஹோமத்துக்கு நெய்யே போறும், மாப்பிள்ளை வேண்டாம்!" அவசர அவசரமாக நாலு குடம் தண்ணீர் ஊற்றி, மாமனாரின் வேட்டியைச் சுற்றிவிட்டு உட்கார வைத்தார்கள். தாலி நேரத்துக்குக் கழுத்தில் ஏறிவிட்டது. வாசம் மட்டும் போகவில்லை.

கொஞ்ச நாள் கழித்து மாப்பிள்ளை மனைவியோடு கடைவீதிக்கு வந்தவர், அப்படியே ஷெட்டுக்கும் வந்தார். "கழுத்துல தாலி ஏறுனதும் இவ எங்கிட்டப் பேசுன மொதப் பேச்சு என்னன்னு நீங்களே கேளுங்க" என்றார். அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடியே சொன்னாள்: "பெட்ரோல் பங்க்குல வேலை பாக்குறதுல என்னங்க கேவலம்? அதுக்குப் போயி வாத்தியாருன்னு ஏன் பொய் சொன்னீக?"

டீசலில் கலந்த எதையும் வடிகட்டி எடுக்க எங்களிடம் வழி இருந்தது, வண்டியோடு கூடவே வந்த அதன் சொந்தக்காரர்களை வடிகட்டத்தான் யாரும் இன்னும் ஒரு வழி கண்டுபிடிக்கவில்லை.