பார்க்கப் பார்க்கத் தீரும் பேட்டரி

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு வேன் கோவிந்தாபுரத்திலிருந்து கிளம்பியது. நான் கிளம்பினேன் என்று சொல்ல மனம் வரவில்லை. முந்தின நாள் ஒரு வளைகாப்பு, அதற்கு முந்தின நாள் ஒரு புதுமனை புகுவிழா. தூக்கம் பாக்கி, குளியல் அரைகுறை. ஜன்னலோரம் உட்கார்ந்து வலது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

கல்யாணப் படம் எடுப்பது என் தொழில், பொள்ளாச்சியில் சின்ன ஸ்டுடியோ. பழைய கேமராவும் அதன் ஜூம் லென்ஸும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு கிலோ. அதைக் கழுத்தில் மாட்டி மாட்டி, இப்போது சட்டை போடவே கை மேலே போக மறுக்கிறது. "கனத்தைக் குறைங்க, இல்லன்னா தொழிலை விடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். கனத்தைக் குறைப்பதென்றால் இப்போது எல்லோரும் சொல்வது மிரர்லெஸ், உள்ளே கண்ணாடி இல்லாத லேசான கேமரா. வாங்கும் முன் ஒருமுறை வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிடலாம் என்று கோவைக்குப் போனேன். கேமராவும் ஐம்பது எம்.எம். லென்ஸும் நாளுக்கு ஆயிரத்து நானூறு ரூபாய். ஜூம் லென்ஸ் வேண்டுமென்றால் இன்னும் எண்ணூறு. "ஜூம் எடுத்துட்டுப் போங்க சார், மலையில தேவைப்படும்" என்றார் கடைக்காரர். கையில் தூக்கிப் பார்த்தேன், தோள் வேண்டாம் என்றது. ஐம்பதே போதும் என்று வந்துவிட்டேன். மொத்தம் ஒரு கிலோவுக்கும் குறைவு. பையில் கேமரா இருக்கிறதா என்று வழியெல்லாம் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

போகிற வேலை, ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் பெண்ணழைத்து வருவது. மாப்பிள்ளை வீடு கோவிந்தாபுரம், அது கேரளம். பெண் வீடு போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டம், அதுவும் கேரளம். நடுவில் பொள்ளாச்சி, உடுமலை, பழனி, ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு, தேனி, போடி என்று ஒரு பகல் முழுக்கத் தமிழ்நாடு. சுமார் இருநூற்றைம்பது கிலோமீட்டர். மாப்பிள்ளைக்குக் குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடையில் வேலை. பெண்ணும் அதே கடையில்தான் கணக்கு எழுதினாள். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மாப்பிள்ளையின் தாய்மாமா கந்தசாமி முன் சீட்டில் இருந்தார். கல்யாணத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டார், ஆனால் முகம் இன்னும் சரி என்று சொல்லவில்லை. பழனி தாண்டும்வரை அவர் பேசியது ஒன்றே ஒன்றுதான். "ஏனுங்க போட்டோக்காரரே, இத்தினியூண்டு கேமராவுல கல்யாணம் முழுக்க அடங்குமுங்களா?"

"அடங்குமுங்க" என்றேன். எனக்கே அது தெரியாது.

வேன் ஓட்டியவர் ரபீக், பாலக்காட்டுக்காரர், என்னைப் போலவே கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தார். தேனியில் டீ குடித்துவிட்டு, போடியில் மலையேற ஆரம்பித்தோம். போடியிலிருந்து போடிமெட்டு இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவு. புதுக் கேமரா கையில் இருந்தால் யாராலும் சும்மா இருக்க முடியாது. மலை ஏற ஏறக் கண்ணை அதிலேயே வைத்திருந்தேன். எடுக்கப்போகும் படம் எப்படி இருக்கும் என்பதை எடுக்கும் முன்பே காட்டிவிடுகிறது. வெளிச்சம் கூட்டினால் உள்ளே கூடுகிறது, குறைத்தால் குறைகிறது. பன்னிரண்டாவது வளைவில் அது அணைந்தது.

அப்போதுதான் உறைத்தது. என் பழைய கேமராவில் பார்ப்பது கண்ணாடி வழியாக. நாள் முழுக்கப் பார்த்தாலும் செலவில்லை, எடுத்தால்தான் செலவு. இதில் உள்ளே தெரிவதே ஒரு குட்டித் திரை. பார்த்துக்கொண்டிருந்தாலே பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும். நான் எடுத்தது நாற்பது படம்கூட இருக்காது. மலையைப் பார்த்தே ஒரு பேட்டரியைத் தின்றுவிட்டேன். இருந்தது மொத்தம் இரண்டு.

செக்போஸ்ட் தாண்டித் தோட்டத்துக்குள் மண்பாதையில் இரண்டு கிலோமீட்டர். தோட்டத் தொழிலாளர்களுக்குக் கொடுத்திருக்கும் லைன் வீடுகள், ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக எட்டு, ஆளுக்கொரு கதவு. ஆறாவது கதவு பெண் வீடு. பெண்ணின் அப்பா சுடலைமுத்து ஓடி வந்து கந்தசாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க அண்ணாச்சி, வாங்க. ரோடுதான் ரொம்ப மோசம், மன்னிக்கணும்" என்றார், ரோட்டை அவரே போட்டதுபோல. கந்தசாமி தலையை மட்டும் ஆட்டினார்.

சாயங்காலம் தட்டு மாற்றி, பூ வைத்து, சாப்பாடும் ஆயிற்று. தீர்ந்த பேட்டரியைச் சார்ஜரில் மாட்டிவிட்டுக் கை கழுவ வந்தேன். கல்யாணப் பெண் மாரிச்செல்வி பின்னாலேயே வந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? கல்யாணப் போட்டோல சேராட்டியும் பரவால்ல."

"கேளும்மா."

"அப்பாவுக்குத் தோட்டத்துல வேல முடிஞ்சிருச்சு. திங்கக்கெழம சாவியக் குடுத்து வீட்ட ஒழிச்சுக் குடுத்துரணும். அப்புறம் போடில வாடக வீடு. மறுவீட்டுக்கு நான் வரும்போது இந்தக் கதவு இருக்கும், எங்க ஆளுங்க இருக்க மாட்டாங்க. அப்பா, அம்மா, நானு, இந்த வீடு. ஒரே ஒரு படம்ணே. பிரேம் போட்டு மாட்டணும்."

"போன்ல எடுத்து வெச்சிருப்பியே?"

"போன் மாறும்போதெல்லாம் போட்டோவும் போயிருதுண்ணே."

கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்குத் தாய்வீடு என்று ஒன்று இருக்கும், நாலு நாள் கழித்துத் திரும்பி வந்து விருந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள். இவளுக்கு அந்த வீட்டில் திங்கட்கிழமை வேறு பூட்டு. "காலையில நல்ல வெளிச்சத்துல எடுத்துடலாம்மா" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இரவு மழை பிடித்துக்கொண்டது. பேட்டரி ஏறும் முன்பே கரண்ட் போனது, போனதுதான். வாடகைக் கேமரா கொஞ்சம் பழைய மாடல், வேனில் இருந்த போன் சார்ஜரைச் சொருகினாலும் ஏறாது. சனிக்கிழமை காலை எழுந்து பார்த்தால் ஒரு பேட்டரி காலி, மற்றொன்றில் கடைசிக் கோடு. வெளியே வந்து பார்த்தால் வீட்டையே காணோம். அப்படி ஒரு மூடுபனி. இரண்டடி தள்ளி நின்றால் ஆறாவது கதவும் தெரியவில்லை, ஏழாவது கதவும் தெரியவில்லை.

கேமராவை அணைத்துப் பையில் வைத்துவிட்டு வாசலில் நின்றேன். பனி விலகினால் எடுக்கலாம். பார்த்துக்கொண்டு நின்றால் பேட்டரி போய்விடும், பார்க்காமல் நின்றால் நேரம் போய்விடும். நேரத்துக்குச் சொந்தக்காரர் கந்தசாமி.

"ஒம்பதுக்கு ராகுகாலம் பொறந்துருமுங்க. அதுக்கு முன்னாடி அம்மிணியக் கூட்டிட்டு எறங்கோணும். வெளக்கு வெக்கறதுக்குள்ள ஊடு சேரோணும்." ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இதையே சொன்னார். மாரிச்செல்வி பட்டுப்புடவையோடு நிலைப்படியில் நின்று பனியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன். எதைப் பிடிப்பது என்று தெரியாமல் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடியது. மூன்று பேரும் வெள்ளைத் துணிக்குப் பின்னால் நிற்பதுபோல விழுந்தார்கள், வீடு விழவேயில்லை. அவளிடம் காட்டினேன். "நல்லாருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

எட்டே முக்கால். கந்தசாமி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "என்னத்துக்குங்க இந்தப் பொண்ணு அழுவுது?" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் உள்ளே போய், பெண்ணின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நகை, புடவை எல்லாம் வைத்த இரும்புப் பெட்டி. அதைச் சுமந்துகொண்டு சரிவில் அடுத்த வீட்டு வரிசையான கீழ் லைனுக்கு இறங்கி, சுடலைமுத்துவோடு வேலை பார்த்த ஒருவர் வீட்டில் வைத்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"பரஸ்தானம் பண்ணியாச்சுங்க" என்றார். நல்ல நேரத்தில் பெட்டி வாசலைத் தாண்டி வேறொரு வீட்டில் உட்கார்ந்துவிட்டால், ஆளே கிளம்பின கணக்கு. அப்புறம் ராகுகாலத்தில் வண்டி ஏறினாலும் குற்றமில்லை. "இன்னொரு அரை மணி நேரம் நின்னு பாருங்க. பனி வெலகுச்சுன்னா எடுங்க."

நேற்றிலிருந்து அவர் செய்த முதல் நல்ல காரியம் அதுதான். பாழாய்ப்போன பனிதான் விலகவில்லை. ஒன்பதரைக்கு இன்னும் இரண்டு படம் எடுத்தேன், கேமரா கண்ணை மூடிக்கொண்டது. இதற்கு மேல் நின்று பயனில்லை. அப்பாவும் அம்மாவும் சாயங்காலம் உறவினரோடு ஜீப்பில் வருவதாக ஏற்பாடு. மாரிச்செல்வி அவர்கள் காலில் விழுந்து எழுந்து வேனில் ஏறினாள். வழியெல்லாம் அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

போடியில் டிபனுக்கு நிறுத்தினோம். கரண்ட் இருந்தது. ஓட்டல்காரரிடம் கெஞ்சி இரண்டு பேட்டரிகளில் ஒன்றை மாட்டினேன். இட்லி முப்பது ரூபாய், வடை பத்து. இரண்டாவது வடையில் கை வைத்தபோது மாரிச்செல்வி கேட்டாள்.

"மாமா, பெட்டில தைலம் வெச்சிருந்தேன். கொஞ்சம் எடுத்துத் தாங்களேன், தல சுத்துது."

கந்தசாமி ரபீக்கைப் பார்த்தார். ரபீக் என்னைப் பார்த்தார். நான் வடையைப் பார்த்தேன்.

"நீங்கதானே அண்ணா எடுத்துட்டுப் போனீங்க? வண்டில வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார் ரபீக்.

பெட்டி கீழ் லைனில் இருந்தது. அது ஒன்பது மணிக்கு முன்பே கிளம்பிவிட்டது, நாங்கள்தான் அதை விட்டுவிட்டுக் கிளம்பியிருந்தோம். மேலே போன் பண்ணினால் சிக்னல் இல்லை. நகை போடாமல் மாப்பிள்ளை வீட்டு வாசலில் பெண்ணை இறக்க முடியாது. கந்தசாமி வேட்டித் தலைப்பால் நெற்றியைத் துடைத்தார். "திருப்புங்க வண்டிய" என்றார், ஈனக் குரலில். மறுபடியும் இருபத்தாறு கிலோமீட்டர், மறுபடியும் பதினேழு வளைவு. என் தோள் ஒவ்வொரு வளைவையும் எண்ணிக்கொண்டு வந்தது.

மேலே போய்ச் சேர்ந்தால் பனி இருந்த சுவடே இல்லை. கழுவிவிட்ட வெயில். ஆறாவது கதவு திறந்திருந்தது. மாரிச்செல்வியின் அம்மா பழைய சேலையில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். மகள் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்ததும் பதறி, "என்னடி ஆச்சு? எதுக்கு வந்த?" என்று கத்திவிட்டார். போன பெண் அன்றைக்கே திரும்பி வந்தால் கல்யாணம் நின்றுவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். சுடலைமுத்து கந்தசாமியைத் தேடி வேனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கந்தசாமி பெட்டியைக் கீழ் லைனிலிருந்து மீட்டுக்கொண்டு, மூச்சு வாங்க ஏறி வந்தார். எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார்.

"ஒண்ணுமில்லீங்க சம்மந்தி. அம்மிணி மறுவூட்டுக்கு வந்திருக்குது. மாப்ளைக்குத்தான் வர முடியல, அவனுக்குப் பதிலா நான் வந்திருக்கறனுங்க. ஒரு வாய் காப்பி குடுங்க, குடிச்சுட்டுக் கெளம்பறோம்."

கட்டிவைத்த சாக்கு அவிழ்ந்தது. காப்பி வந்தது, காலையில் மிஞ்சின கேசரி வந்தது. மாரிச்செல்வி தன் வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து, சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் அதைச் சாப்பிட்டாள். எனக்கும் அழுகை வந்தது, களைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

போடியில் அரை மணி நேரம் ஏறின பேட்டரி. கேமராவை அணைத்தே வைத்துக்கொண்டு, யாரை எங்கே நிறுத்துவது என்று வெறுங்கண்ணால் பார்த்து முடிவு செய்தேன். ஐம்பது எம்.எம். லென்ஸில் வாசலில் நின்றால் கதவு மட்டும்தான் விழும். பின்னால் போக இடமில்லை, சரிவு. கடைக்காரர் சொன்ன ஜூமை நினைத்துக்கொண்டேன், அது இருந்தால் நின்ற இடத்திலிருந்தே அகலமாக எடுத்திருக்கலாம். பிறகு ரபீக்கின் கையைப் பிடித்துக்கொண்டு ஏலச்செடிகளுக்கு நடுவே சறுக்கி இறங்கினேன். அங்கிருந்து கதவும் கூரையும் தண்ணீர்த் தொட்டியும் மொத்தமாக விழுந்தன. அப்போதுதான் கேமராவை ஆன் செய்தேன்.

"மாமா, நீங்களும் வாங்க" என்றாள் மாரிச்செல்வி.

"பெட்டியக் கீழ வெச்சுட்டு நில்லுங்க" என்று நான் கத்தினேன்.

"ஒருக்கா வெச்சதே போதுமுங்க!" என்று மேலேயிருந்து பதில் வந்தது.

இரவு எட்டரைக்குக் கோவிந்தாபுரம் சேர்ந்தோம். விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது, கந்தசாமி அதைப் பற்றி மூச்சு விடவில்லை. எங்கள் சமவெளியில் காற்று சூடாக வீசியது. கூரை தெரியும், கதவு தெரியும், நாளைக்கும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எதையும் பார்க்காமல் நடப்பவர்கள் நாங்கள். கல்யாணம் முடிந்ததும் பழைய கேமராவை விற்றுவிட்டு அந்த வாடகைக் கேமராவையே வாங்கிவிட்டேன், கூடவே நான்கு பேட்டரி. ஜூம் வாங்கவில்லை.

அந்தப் படம் இப்போது மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. திறந்த ஆறாவது கதவு, அதற்கு முன்னால் அப்பா, பழைய சேலையில் அம்மா, பட்டுப்புடவையில் மகள். ஓரத்தில் கந்தசாமி, பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். வருகிறவர்கள் அது எங்கே எடுத்தது என்று கேட்டால், மாரிச்செல்விக்கு முன்பே அவர் பதில் சொல்கிறார். "எங்க அம்மிணியோட மறுவூடுங்க."