மடுவுக்கு நான் கோபத்தோடுதான் போனேன்

என் கணவர் சாலமனை அடக்கம் செய்த அன்று இந்தச் சபையில் பின்மாற்றத்தைப் பற்றி, மனம் திரும்பியவன் பழைய பாவத்துக்கே போவதைப் பற்றிப் பிரசங்கம் நடந்தது. யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. சவப்பெட்டி முன்னால்தான் இருந்தது. என் மகள் ஷீபா என் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிரியமானவர்களே, சாட்சியை இப்படி ஆரம்பிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். போதகர் ஐயா என்னைப் பேசக் கூப்பிட்டபோதே, நடந்ததை நடந்தபடி சொல்வேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

சாலமனை உங்கள் எல்லோருக்கும் தெரியும். கோலார் தங்கவயலில் பிறந்தவர். இங்கே அடுகோடியில் டெம்போ டிராவலர் ஓட்டினார். ஒரு காலத்தில் நிறையக் குடித்தார். பிறகு விட்டார். விட்டதை இதே இடத்தில் நின்று அழுதுகொண்டே சொன்னார். நீங்கள் கை தட்டினீர்கள். அதற்குப் பிறகு, தன் தங்கை கல்யாணத்தில்கூட அவர் ஒரு சொட்டு தொடவில்லை.

போன ஆகஸ்ட் மாதம் ஒரு ஆபீஸ் கூட்டத்தைக் காவேரிக்கு ஏற்றிக்கொண்டு போனார். கனகபுரா தாண்டி, காட்டுக்குள்ளே, இரண்டு மலைகளுக்கு நடுவில் ஆறு நெருக்கிக்கொண்டு ஓடுகிற இடம் அது. போர்டு கிடையாது, காவலுக்கு ஆள் கிடையாது. பக்கத்துக் கிராமத்தார் அதை மடுவு என்று மட்டும் சொல்கிறார்கள். வண்டியில் வந்தவர்களில் யாரோ போனில் வீடியோ பார்த்துவிட்டு, அங்கேதான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார்கள். சாயங்காலம் வண்டி முதலாளி எனக்கு போன் செய்தார்.

"உன் வீட்டுக்காரர் குடிச்சிட்டுக் குளிக்க எறங்கிட்டாராம்மா. ஆத்தோட போயிட்டாரு."

கூட வந்தவர்கள் எல்லோரும் போலீசிலும் அதையேதான் சொன்னார்கள். உடல் கிடைக்க நாளாகிவிட்டது. குடித்திருந்தாரா இல்லையா என்று இனிமேல் சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அவ்வளவுதான். குடிகாரன் ஆற்றில் விழுந்து செத்தான், கதை முடிந்தது.

நீங்களும் அதை நம்பினீர்கள். பழைய மனுஷன் திரும்பி வந்துவிட்டான் என்று வெளியே செருப்பு மாட்டும்போது பேசிக்கொண்டீர்கள். எனக்குக் காது கேட்கும். ஒரு சகோதரி என் கையைப் பிடித்து, கடைசி நிமிஷத்தில் அவர் மனம் திரும்பியிருப்பார், கவலைப்படாதே என்றார். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டில் ஷீபா அப்பா என்ற வார்த்தையையே சொல்வதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் மட்டும் கேட்டாள்: "என் தலைமேல கை வச்சுச் சத்தியம் பண்ணாரும்மா. அதுவும் பொய்தானா?"

அன்றிலிருந்து நான் முழங்கால் போட்டு ஜெபிக்கவில்லை. கார்மெண்ட்ஸில் மிஷினை ஓட்டிக்கொண்டே ஆண்டவரோடு சண்டை போட்டேன். சாலமனைத் திருப்பிக் கேட்கவில்லை. உண்மையை மட்டும் கேட்டேன். பதில் இல்லை. கிறிஸ்துமஸ் வந்தது, போனது. பதில் இல்லை.

வெயில் ஏற ஆரம்பித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சபைக்கு வரவில்லை. கனகபுராவுக்கு பஸ் ஏறினேன். அங்கிருந்து இன்னொரு பஸ், பிறகு ஆட்டோ. ரோடு முடிகிற இடத்தில் ஆட்டோக்காரர், தனியாகப் போகாதீங்கம்மா என்று கன்னடத்தில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நான் கேட்கவில்லை. முள்ளும் கல்லுமாக ஒரு ஒற்றையடிப் பாதை இறங்கியது. ஆற்றைப் பார்க்கும் முன்னாலேயே அதன் இரைச்சல் கேட்டது.

அந்த இடம் அழகாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு பக்கமும் பாறை செங்குத்தாக நின்றது. நடுவில் பச்சைத் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. என் புருஷனை விழுங்கிவிட்டு இவ்வளவு அழகாக இருக்க இதற்கு எப்படி மனது வந்தது என்று நினைத்தேன். பாறைமேல் நின்று கத்தினேன். ஜெபம் என்றால் ஜெபம்தான்.

"ஆண்டவரே, சாலமன் குடிச்சாரா இல்லையா? அத மட்டும் சொல்லும். சொல்லலைன்னா நான் இனிமே உம்மகிட்ட பேசவே மாட்டேன்."

பின்னால் கல் உருண்டது. திரும்பிப் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி, மர நிழலில் ஒருத்தன் எழுந்து நின்றான். இருபத்தைந்து வயசு இருக்கும்.

"அக்கா, அவர் குடிக்கல," என்றான். "நாங்கதான் குடிச்சிருந்தோம்."

அவன் பெயர் பிரவீண். ஓசூர்க்காரன். அந்த வண்டியில் வந்தவர்களில் ஒருவன். தண்ணீரில் இறங்காதீங்க என்று சாலமன் திரும்பத் திரும்பச் சொன்னாராம். இவன் கேட்காமல் இறங்கி வழுக்கி விழுந்துவிட்டான். வண்டிப் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சாலமன் கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து குதித்திருக்கிறார். இவனைப் பாறைவரை தள்ளிக் கொண்டுவந்துவிட்டார். மற்றவர்கள் இவனை மேலே இழுத்தார்கள். அதற்குள் தண்ணீர் அவரை இழுத்துக்கொண்டது. குடித்தது வெளியே தெரிந்தால் எல்லோருக்கும் வேலை போகும், டிரைவர்தான் போய்விட்டாரே, குடித்தது அவர்தான் என்று சொல்லிவிடலாம் என்று கூட இருந்த ஒருவன் சொல்ல, எல்லோரும் தலையாட்டினார்கள். இவனும் ஆட்டினான். அதற்குப் பிறகு தூக்கமில்லாமல் லீவு நாட்களில் இங்கே வந்து உட்காருகிறானாம்.

நான் செய்த ஜெபத்துக்குப் பதில் என் முன்னால் நின்றது. அந்தப் பதிலை நான் ஓங்கி அறைந்தேன். அவன் தடுக்கவில்லை. மறுபடியும் அறைந்தேன். பிறகு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது.

அப்புறம் அவனைப் பார்த்து, ஸ்டேஷனுக்கு வா என்றேன். வந்தான். அன்றைக்கே எல்லாவற்றையும் சொன்னான். மற்றவர்கள் இன்னும் மறுக்கிறார்கள். கேஸ் நடக்கிறது. பிரவீணுக்கு வேலை போய்விட்டது. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

அவனை மன்னித்துவிட்டாயா என்று கேட்கிறீர்கள். இன்னும் இல்லை. அதையும் ஆண்டவரிடம் சொல்லியிருக்கிறேன். அவரிடம் பொய் சொல்லி ஆகப்போவது ஒன்றும் இல்லை. ஆனால் இப்போது மறுபடியும் முழங்கால் போடுகிறேன். நன்றி என்கிறேன், அடுத்த வார்த்தையிலேயே கோபப்படுகிறேன். இரண்டையும் அவர் கேட்டுக்கொள்கிறார். உங்களில் யாராவது கோபம் ஆறட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருந்தால், காத்திருக்காதீர்கள். கோபத்தோடேயே போங்கள். அவர் பயப்படமாட்டார். அதோடு, அடுத்த முறை இந்தச் சபையில் ஒருவர் செத்தால், தெரியாததைப் பேசாதீர்கள்.

பிரவீண் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தான். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. வாசலிலேயே நின்றான். ஷீபா எழுந்து போய், அப்பா கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். அவன் அவளைப் பார்த்துச் சொன்னான்.

"நான் பயத்துல ஒதச்சிட்டே இருந்தேம்மா. அவர் என் காதுகிட்ட சொன்னாரு. ஒதைக்காத தம்பி, நான் புடிச்சிருக்கேன், அப்படின்னு."