அக்கா ஓட்டிய அரசாங்க வண்டி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அட்டைப்படத்தில் அக்கா ஏன் இப்படி முறைக்கிறார் என்று யாரும் கேட்க வேண்டாம். அது லைசன்ஸுக்காக எடுத்த படம். நாற்பத்தாறு வருடம் வாழ்ந்தவருக்கு அதைவிட நல்ல படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை.

அக்கா பிறந்தது ஈப்போவை அடுத்த செமோர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், மேட்டு லயத்து வரிசை வீட்டில். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு அம்மாவோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனார். அப்பாவுக்கு ஒரு நாள் மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. அப்பா திரும்பி வரவில்லை. இரண்டே வருடத்தில் அம்மாவும் போய்விட்டார். எனக்கு அப்போது பத்து வயது. அன்றிலிருந்து எனக்கு அம்மாவும் அக்காதான். பெண் பார்க்க வருகிறவர்களிடம் அக்கா முதலில் கேட்பது, "தங்கச்சியும் எங்கூட வருவா, சம்மதமா?" என்றுதான். வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதைச் சொல்லிச் சொல்லி அக்கா சிரிப்பார். எனக்குத்தான் சிரிப்பு வராது.

எழுபதுகளின் கடைசியில் தோட்டம் துண்டாடப்பட்டது. லயத்தில் இருந்துகொள்ளலாம், வேலை மட்டும் இல்லை என்றார்கள். ஈப்போவில் சட்டை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் எங்கள் லயத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். ஏழு மணிக்கு அங்கே மணி அடித்துவிடும். எங்களுக்கோ பெரிய ரோட்டுக்கே மூன்று மைல் நடை. முதல் பஸ் அங்கே ஆறரைக்குத்தான் வரும். தினமும் தாமதம். ஆறு மாதத்துக்குள் நேரத்துக்கு வராவிட்டால் பன்னிரண்டு பேர் பெயரையும் எடுத்துவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

அரசாங்க அலுவலகம் ஒன்றில் தோட்டவேலை பார்த்த எங்கள் சித்தப்பாதான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். "கவர்மெண்டுல கழிச்ச வண்டிங்கள பஸ்ஸு இல்லாத எடத்து வேலக்காரங்களுக்குக் குடுக்குறாங்களாம். கூட்டமா மனு போடணும். ஒங்கள்லயே ஒரு ஆளுக்கு லைசன்ஸ் இருக்கணும்லா, அதான் சூசா, கஷ்டம்."

"ஆம்பளன்னு போட்டிருக்கா சித்தப்பா?" என்று கேட்டார் அக்கா.

"அப்படிப் போடல."

"அப்ப நான் எடுக்குறேன்."

இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவையில் அக்கா தேறினார். முறைப்புக்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

வண்டியை எடுத்துவர நானும் கூடப் போனேன். வெள்ளை வண்டி. இரண்டு பக்கமும் சிவப்பில் 'அம்புலன்ஸ்' என்று எழுதியிருந்தது. எங்கள் பக்கத்துக்கு வந்துபோன ஒரே ஆஸ்பத்திரி வண்டி அதுதான்; லயத்தில் அதற்குப் பொணவண்டி என்று பெயர். அக்கா அதைச் சுற்றி ஒரு சுற்று வந்து, கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்பா போன வண்டிடி இது," என்றார். என் பக்கம் திரும்பி, "யாருகிட்டயும் சொல்லாத. தெரிஞ்சா ஒருத்தி ஏற மாட்டா. ஏறலன்னா அத்தன பேருக்கும் வேல போயிரும்."

லயத்துக்குள் நுழையுமுன் கோவில் பின்பக்கம் வண்டியை நிறுத்தினோம். திருவிழாவுக்கு மதிலில் அடித்து மிச்சமிருந்த காவியும் சுண்ணாம்பும் அங்கே இருந்தன. மதிலைப் போலவே வண்டியிலும் பட்டை பட்டையாக அடித்து எழுத்தை மறைத்தோம். பெண்களுக்கு ஒரே சந்தோஷம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். சாமி வண்டி என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் எழுத்து எங்காவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். சித்தப்பா பின்னால் இரண்டு பலகை பெஞ்சு அடித்துக் கொடுத்தார். முன்னால் பக்கத்துச் சீட்டு உடைந்து கிடந்ததால் அக்கா மட்டும் முன்னால், நாங்கள் பதினொரு பேரும் பின்னால்.

மதில் சாயம் மதிலுக்குத்தான். மழை நான்கு நாள் பொறுத்தது. ஐந்தாம் நாள் வேலை முடிந்து வெளியே வந்தால், ஈப்போ மழையில் வண்டிக்கடியில் சிவப்பும் வெள்ளையுமாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எழுத்து பளிச்சென்று தெரிந்தது. ஒருவரும் ஏறவில்லை. மழையில் நனைந்தபடியே பஸ்ஸுக்கு நடந்துவிட்டார்கள்.

மறுநாள் விடியற்காலையில் லயத்து முனையில் அக்கா ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். எல்லாரும் வந்து தள்ளியே நின்றார்கள். "ஒங்கப்பனே திரும்பி வரலியேடி இதுல," என்றார் ஒருவர். அக்கா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி குனிந்துகொண்டார்.

அப்போதுதான் எங்களில் மூத்தவரான அஞ்சலை அக்கா சோற்றுச் சட்டியோடு முன்னால் வந்தார்.

"வழி விடுங்கடி. எம்மவன் சேகரு பொறந்தது இந்த வண்டியிலதான். ஈப்போ போய்ச் சேருறதுக்குள்ள வந்துட்டான். நான் இழுத்த இழுப்புல கோணுன கம்பி உள்ள இன்னும் அப்படியே இருக்கு, போயிப் பாருங்க. பொணவண்டியாம். அப்ப எம்மவன் என்னா பேயா?"

எட்டிப் பார்த்தார்கள். கம்பி கோணித்தான் இருந்தது. ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். அக்கா மூக்கைச் சிந்திவிட்டு கியரைப் போட்டார். அன்று மணி அடிக்கும்போது நாங்கள் பன்னிரண்டு பேரும் வாசலுக்கு உள்ளே நின்றோம்.

அதற்குப் பிறகு அந்த எழுத்தை யாரும் மறைக்கவில்லை. சாலையில் கார்களெல்லாம் ஒதுங்கி வழி விடும். அக்காவும் பெருமையாகத் தலையாட்டிவிட்டுப் போவார். ஏழு வருடம் எங்களில் ஒருவருக்கும் வேலை போகவில்லை.

இப்போது பஸ் லயத்து முனைக்கே வருகிறது. ஏறினால் என் கால் தானாகப் பின்னால் போகிறது. அங்கிருந்து பார்த்தால் தெரிகிற அக்காவின் கொண்டையையும், அதில் செருகிய பச்சைச் சீப்பையும் கண் தேடுகிறது. ஓட்டுநர் யாரோ. அக்கா, ஒரே ஒரு காலை அந்த ஹாரனை அடித்துவிட்டுப் போயேன் என்று இருக்கிறது.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். அழைத்துப் போக புது ஆஸ்பத்திரி வண்டி வந்தது. அக்காவைப் பின்னால் படுக்க வைத்து, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். செம்மண் சாலையில் வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. அக்கா என் கையைப் பிடித்தார்.

"பின்னாடி இம்புட்டு ஆடுமாடி? இத்தன வருசமா ஒருத்தியும் வாயத் தொறந்து சொல்லலியே."

"நம்ம வண்டி ஆடாதுக்கா."

"பொய் சொல்லாத புள்ள," என்று சிரித்தார். அக்கா என்னோடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், காரியங்களை முன்னின்று செய்த சித்தப்பாவுக்கும், பந்தல் போட்ட லயத்துப் பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி. அஞ்சலை அக்காவுக்கும், ஏழு வருடம் முதுகு வலியை வெளியே சொல்லாமல் என்னோடு பின்னால் உட்கார்ந்து வந்த மற்றவர்களுக்கும் தனியே ஒரு நன்றி. அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.