சாலட் மேசையாகாத படகு

இன்று காலை கடுகண்ணாவையில் எங்கள் தளபாடக் கடையைத் திறந்ததும் வார்னிஷ் வாசம் மூக்கில் ஏறியது. யாரோ ஒரு பெண்ணின் கல்யாண அலுமாரி. நல்ல வியாபாரி என்றால் அதன் விலை ஞாபகம் வர வேண்டும். எனக்குப் படகுதான் வந்தது.

நான் கடைக்கு வரத் தொடங்கிய புதிதில், என் மூத்த சகோதரி ராத்தாவின் மாப்பிள்ளை, அதாவது மச்சான், பன்வில பக்கம் ஒரு தோட்ட பங்களாவுக்குக் கதிரை எடுத்து வரப் போனார். லொறியில் கதிரையைக் காணோம். பழைய பாய்மரப் படகு ஒன்று கிடந்தது. பங்களாவைக் காலி செய்த துரை 'கொண்டு போ' என்றாராம். வாப்பா லொறியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இதுல எத்தின பேர் படுக்க ஏலும்?" என்று கேட்டார்.

கடலே இல்லாத கண்டியில் பாய்மரம் எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்? ஊரே கேட்டது. திகன பக்கம் நீர்த்தேக்கம் இருக்கிறதே! ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே படகுப் போட்டி நடக்கும், மச்சானும் நானும் ஓடுவோம். கடைசியாக வருவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. உம்மா கட்டித் தந்த இறைச்சி ரொட்டியை முடித்துவிட்டுத்தான் எல்லைக்கோட்டையே தாண்டுவோம். பிறகு பிள்ளை குட்டி, வியாபாரம் என்று ஆகிவிட்டது. படகு ஸ்டோரில் கவிழ்ந்து கிடந்தது, அதன் மேல் கதிரைகள்.

போன வருடம் நீர்த்தேக்கக் கரையில் ஹோட்டல் நடத்தும் ஒருவர் மேசை வாங்க வந்தார். படகைப் பார்த்ததும், ஐஸ் நிரப்பி சாலட் அடுக்கத் தோதாக இருக்கும், கொடுங்கள் என்றார். மச்சானின் முகம் செத்துவிட்டது. எனக்கும் கொடுக்க மனமில்லை. ஆனால் ஸ்டோர் ராத்தாவுடையது, தீர்ப்பும் அவளுடையதுதான்.

"ஒரு தடவ ஓடிப் பாருங்க. இவர்ட படக முந்தினா வெச்சுக்கங்க. இல்லாட்டி சாலட்தான்."

ஹோட்டல்காரரிடம் புத்தம் புது ஃபைபர் படகு இருந்தது. சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

மரத்தில் தண்ணீர் படக்கூடாது, இதுதான் எங்கள் கடையின் வேதவாக்கு. அதனால் படகை வெயிலில் நன்றாகக் காயவைத்தோம். பலகை இடுக்குகளில் இறுக்கமாக மக்குப் பசை அடைத்தோம். முகம் பார்க்கலாம் போல் பொலிஷ் போட்டோம். அலுமாரிக்கு அது சரி. நீர்த்தேக்கத்தில் இறக்கியதும் மக்கு பெயர்ந்து, நாலா பக்கமும் தண்ணீர் ஊற்றியது. முழங்கால் நனைந்த பிறகுதான் மச்சானுக்கு ஞாபகம் வந்தது, அந்தக் காலத்தில் போட்டிக்கு முன் படகைத் தண்ணீரிலேயே போட்டு வைப்போம், பலகை ஊறி உப்பித் தானே இடுக்கை அடைத்துக்கொள்ளும்.

மக்கையும் உட்பக்கப் பொலிஷையும் சுரண்டினோம். கரையோரம் மண் மூட்டைகளை ஏற்றிப் படகை மூழ்கடித்தோம். பார்க்க வந்த ராத்தா, கட்டிலையும் கொண்டு வந்து அமிழ்த்தச் சொன்னாள். சில நாள் கழித்துத் தண்ணீரை இறைத்து மிதக்கவிட்டோம். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்!

ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் வேறு பல படகுகளும் ஓடின. பாதி வழியில் ஹோட்டல்காரர் எங்களுக்கு வெகு முன்னால். மச்சான் தூரக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். குண்டசாலைப் பக்கத்து மரங்கள் இலையைப் புரட்டினால் அடுத்து பெருங்காற்று. அது எங்களுக்குப் பழைய பாடம். புரட்டின. "பிடிச்சுக்க!" என்றார். காற்று அறைந்ததில் ஃபைபர் படகு தட்டுத் தடுமாறிக் கவிழ்ந்தது. எங்கள் கிழட்டுப் படகு கனத்த உடம்பைச் சாய்த்து, முனகிக்கொண்டே ஓடியது. மூன்றாவதாக வந்தோம். மூன்றாவது! மச்சான் அழுதார், நானும் அழுதேன்.

எங்களைக் கேலி செய்த பழைய ஆட்கள் யாரும் கரையில் இல்லை. வாப்பா இல்லை, உம்மாவின் ரொட்டியும் இல்லை. கடைசி இடமும் எங்கள் கையை விட்டுப் போய்விட்டது.

போன வாரம் ஹோட்டல்காரர் விருந்துக்குக் கூப்பிட்டார். சாலட் எங்கள் கடை மேசையில் இருந்தது. ஐஸ் உருகி வழிந்துகொண்டிருந்தது. மச்சான் அவர் பக்கம் சாய்ந்து, மிக மரியாதையாகச் சொன்னார்:

"மரத்தில தண்ணி படப்படாது, தெரியுமா?"